ரெக்கார்டின் மறுபக்கம்

“நானா, அந்த ரெக்கார்டா, இன்னைக்குச் சொல்லிடுங்க,” என்று புவனேஸ்வரி கத்தியது அரும்பாவூர்த் தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுச் சிந்தாமணிக்குக் கூடுதலாகவே கேட்டது. அவள் வெங்காயம் உரிப்பதே அந்த ஜன்னலோரம்தான்.

“போன்ல கேக்குறதெல்லாம் பாட்டா? உனக்கெங்க புரியப்போவுது,” என்றான் அறிவழகன்.

சாயங்கால பஸ்ஸில் புவனேஸ்வரி அரியலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளும் அவள் கத்துவது கேட்டது. உறைமோர் கேட்கும் சாக்கில் சிந்தாமணி போய்ப் பார்த்தாள். அவன் மட்டும் இருந்தான். சென்னையிலிருந்து வரவழைத்த பழைய ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு முடிந்த இடத்தில் புவனேஸ்வரியின் குரல்.

“பதிஞ்சு வச்சிருக்கியாப்பா?”

“இதுல நாம பதிய முடியாதுக்கா. கேசட்டா என்ன?”

புவனேஸ்வரிக்குப் போன் போட்டானா என்றால், இல்லை. முள்ளைத்தான் மறுபடி எடுத்து வைத்தான்.

விவாகரத்தாகி, புவனேஸ்வரி திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். தையில் அவன் ஜெயங்கொண்டத்து இலக்கியாவைக் கட்டிவந்தான். “நல்லாருக்கீங்களாக்கா?” என்பதற்கு மேல் பேசாத பெண்.

நாலாம் நாள் ரெக்கார்டின் மறுபக்கம் ஓடி முடிந்தது. “நானா, அந்த ரெக்கார்டா?” என்று இலக்கியாவின் குரல் கத்தியது. இலக்கியாவோ வாசலில் சிரித்தபடி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

ஆடிக்குப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப்போனார்கள். ஆவணியில் கொண்டுவந்து விடவில்லை.