கூடுதலாக ஒரு 'ஸ்'

"என்ன சாவிக்காரரே, பொண்ணு ஸ்டேட்ஸ் போகுதாமே! மூச்சு விடலையே நீங்க!"

மருந்துக்கடைக்காரர் எதிர்ச்சாரியிலிருந்து சாலையைக் கடக்கும்போதே கத்திக்கொண்டு வந்தார். கையில் ஒரு பூட்டு, கக்கத்தில் ஒரு பொட்டலம்.

"எல்லாம் உங்க வாய் முகூர்த்தம் சார்" என்று சிரித்தபடி, அப்பா அந்தப் பூட்டை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் மகள் உட்கார்ந்து சாவிகளை வளையத்தில் கோத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இவர் எத்தனையாவது ஆளோ!

விஷயம் இவ்வளவுதான். அவளுக்கு இடம் கிடைத்தது அரசுப் பல்கலைக்கழகத்தில். ஊரில் அதைச் சுருக்கி 'ஸ்டேட்' என்பார்கள். முடிவு வந்த அன்று, பள்ளி வராந்தாவில் ஒரு கை தோழியின் தோளிலும் மறு கை போனிலுமாக நின்று, "அப்பா, ஸ்டேட்ல கிடைச்சிருச்சு" என்று மெல்லச் சொன்னாள். அந்தப் பக்கம் சாவி வெட்டும் மெஷின் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீடு வந்து சேர்வதற்குள் ஸ்டேட் 'ஸ்டேட்ஸ்' ஆகி, கடல் தாண்டி அமெரிக்காவுக்கே போய்விட்டது. அப்புறம் ஊர் வாய்க்குச் சொல்லவா வேண்டும்? கண், காது, மூக்கு வைத்து, விமானத்தில் ஜன்னலோரமாக ஒரு சீட்டும் போட்டுக் கொடுத்துவிட்டது.

அத்தை சக்கரம் வைத்த பெட்டியே அனுப்பிவிட்டாள். அம்மா இருந்திருந்தால் அவள் காதில் போட்டு, அவள் மூலமாக அப்பாவுக்குச் சொல்லியிருக்கலாம். இருப்பது அப்பா ஒருவர்தான். அவரோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பூரித்துப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வாய் வரவில்லை.

"இந்தாம்மா" என்று மருந்துக்கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். கம்பளி ஸ்வெட்டர், கழுத்து வரை மூடுகிற ரகம். "அங்க குளிர் எலும்பைத் துளைக்கும். போட்டுக்கோ."

"எதுக்கு அங்கிள் இதெல்லாம்..."

"சும்மா வாங்கிக்கோ. நம்ம தெருவுக்கே பெருமை இல்லையா? எம் பையன் படிக்கிற பிரைவேட் காலேஜ்ல நீச்சல் குளமே இருக்கு. அவனுக்கு நீச்சல் தெரியாது, அது வேற விஷயம்." அவரே சிரித்துக்கொண்டார். "நல்ல வேளை சாவிக்காரரே, பொண்ணை இங்க இருக்கிற ஸ்டேட்ல தள்ளாம விட்டீங்க. பாதி ஃபேன் சுத்தாது, பெஞ்செல்லாம் ஆடும்."

சாவி வெட்டிக்கொண்டிருந்த அப்பாவின் மெஷின் நின்றது.

"ஏன் சார்? ஸ்டேட்டுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு சொல்ல வரலை. பேரைச் சொன்னா நாலு பேர் திரும்பிப் பார்க்கணும் இல்லையா?"

அப்பா ஒரு முறை மகளைப் பார்த்தார். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, கோத்த சாவியையே மறுபடி கோத்தாள். அப்பா வேலைக்குத் திரும்பினார். சாவியை அரத்தால் ராவி, பூட்டில் போட்டுத் திருகிக் காட்டி, அவரை அனுப்பிவைத்தார்.

மகள் மனதுக்குள் நாள்களை எண்ணினாள். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. ஸ்டேட்டுக்குப் போகிற பஸ் நிற்பதோ சரியாக அந்த மருந்துக்கடை வாசலில். விமானம் ஏற வேண்டிய பெண் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவதைத் தெருவே பார்க்கும். தெரு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அப்பா இந்தக் கடையில் உட்கார்ந்து எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டுமே!

மதியச் சாப்பாட்டுக்காக அப்பா ஷட்டரைப் பாதி இறக்கினார். இனியும் தள்ளிப்போட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்பா."

"ம்?"

"நான் ஸ்டேட்ஸ் போகலைப்பா. எனக்குக் கிடைச்சது ஸ்டேட்தான். அன்னிக்கு மெஷின் சத்தத்துல நீங்க தப்பாக் கேட்டுட்டீங்க. அப்பவே சொல்லியிருக்கணும். உங்க சந்தோஷத்தைப் பார்த்து..." அவள் சாவி வளையத்தைக் கீழே வைத்தாள்.

அப்பா நிதானமாகக் கையைத் துடைத்தார்.

"தப்பாக் கேட்டேன்னு யார் சொன்னா? பூட்டுக்குள்ள ஒரு பின் நகர்ந்தாலே கேட்கிற காது இது. நீ சொன்னது கேட்காதா?"

"அப்போ... தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் ஸ்டேட்ஸ்னு சொன்னீங்க?"

அப்பா ஷட்டரைப் பார்த்தபடி பேசினார். "என்னவோ திருடின மாதிரி அவ்வளவு ரகசியமாச் சொன்னியேம்மா. அந்தப் பேரைச் சொல்லவே உனக்கு வெட்கமா இருக்குன்னு நெனச்சேன். எம் பொண்ணு யார் முன்னாடியும் கூனிக் குறுகக்கூடாதுன்னு, நானே கூட ஒரு 'ஸ்' சேர்த்துக்கிட்டேன். திங்கட்கிழமையைப் பத்தி யோசிக்கலை."

"வெட்கமா?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "அன்னிக்குப் பக்கத்துல என் ஃப்ரெண்ட் அழுதுட்டு நின்னாப்பா! ரெண்டு பேரும் சேர்ந்துதான் ராப்பகலாப் படிச்சோம். அவளுக்கு ஸ்டேட் கிடைக்கலை. அவ முன்னாடி எப்படிப்பா நான் கத்திச் சொல்றது?"

 அப்பா, பாதி இறங்கிய ஷட்டரை ஒரே தள்ளாக மேலே தள்ளிவிட்டு, எதிர்ச்சாரிக்குக் கேட்கும்படி கத்தினார்:

"சார், உங்க ஸ்வெட்டரை வந்து வாங்கிட்டுப் போங்க! எம் பொண்ணுக்கு ஸ்டேட்டே கிடைச்சிருக்கு!"