எதிர்ப்பாதி

பந்தை அடித்தேன். எதிர்ப்பாதி திருப்பி அடித்தது.

விடுதி மாடியில் கிடக்கும் டேபிள் டென்னிஸ் மேஜையில் ஒரு பாதியை மட்டும் தூக்கி நிமிர்த்தி வைக்கலாம். அப்புறம் அது சுவர். எதிரே ஆள் தேவையில்லை.

தூக்கம் வரவில்லை என்று போனபோது கல்லூரி டாக்டர் மாத்திரை எழுதவில்லை. யாருடனாவது ஓடியாடி விளையாடச் சொன்னார். ஓடியாடுவது என்னால் முடிந்தது. அந்த ‘யாருடனாவது’தான் முதல் பருவம் முடியப்போகிற இந்த நேரம் வரைக்கும் கிடைக்கவில்லை.

“யாரோட விளையாடினே?” என்று அம்மா போனில் கேட்பாள்.

“ஒருத்தி இருக்காம்மா. எப்படி அடிச்சாலும் திருப்பிடுவா” என்பேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆடி முடித்ததும் மறக்காமல் மேஜையை இறக்கிவிடுவேன். தனியாக ஆடுகிறேன் என்று ஊருக்கே தண்டோரா போட வேண்டுமா? ஆனால் மறுநாள் வந்தால் எதிர்ப்பாதி நிமிர்ந்தே நிற்கும். பெருக்குகிற அக்கா எனக்காகத் தூக்கி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் நிலைமை அவளுக்காவது தெரிந்திருக்கிறதே.

மற்றவர்கள் விஷயம் வேறு. நான் படியேறும்போது ஒருத்தி எதிரே இறங்குவாள். நெற்றியெல்லாம் வியர்வை. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள். இன்றும் அப்படித்தான் போனாள். நான் அவளை என்ன செய்தேனோ.

நான் ஆடிக்கொண்டிருக்கும்போதே அக்கா துடைப்பத்தோடு வந்தாள். மேஜையைத் தூக்கி வைப்பதற்கு நன்றி சொன்னேன்.

“நானா? இந்தக் கனத்தை நான் எங்கம்மா தூக்குறது? இப்ப இறங்கிப் போச்சே, அந்தப் பொண்ணுதான் தூக்கி வச்சுத் தனியா ஆடும். உன் செருப்புச் சத்தம் கேட்டா போட்டது போட்டபடி ஓடிடும். நீ ஏதோ போட்டிக்குப் பழகுறியாமே, குறுக்க நிக்கக் கூடாதாம்.”

பந்து உருண்டு மூலையில் போய் நின்றது. எடுக்கத் தோன்றவில்லை.

எதிர்ப்பாதியை இறக்கினேன். மேஜை நீளமாகிவிட்டது. அந்தக் கோடியில் ஆள் இல்லாமல் இனி ஒரு பந்துகூட ஆட முடியாது.

நாளைக்குச் சீக்கிரம் வர வேண்டும். வந்து என்ன சொல்வது? எனக்குத்தான் யாரிடமும் போய்ப் பேசும் பழக்கமே விட்டுப்போயிருக்கிறதே. காலியாகக் கிடந்த எதிர்ப்பக்கத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“வர்றியா, ஒரு ஆட்டம்?”

அக்கா பெருக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னையாம்மா கூப்பிட்டே?”