பேனாவுக்கு ஓர் இடம்

உள்ளே போன பெண் ஐந்தே நிமிடத்தில் முகம் சிவந்து வெளியே வந்தாள். அவள் கண்ணாடிக் கதவை விட்ட வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த தோல்பைகள் ஓர் ஆட்டம் ஆடி நின்றன.

ஒருத்தி ஒழிந்தாள் என்று நினைத்துக்கொண்டாள் தையல்நாயகி. காத்திருந்த நேரமெல்லாம் அந்தப் பெண் போனில் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தாள். தாத்தாவின் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் வளர்ந்த சொல்தா வீட்டுப் பெண்ணாக இருக்கும். இன்டர்வியூவுக்கு வந்தவள் கையில் ஒரு பைல்கூட இல்லை. அவ்வளவு திமிர்.

தையல்நாயகிக்கு இது விளையாட்டில்லை. குருசுக்குப்பத்தில் அவள் வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அவளுடையது. அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, நேரு வீதி ஜவுளிக்கடையில் கால் வீங்க நின்று புடவை மடித்துக்கொண்டிருந்தாள். இன்று காய்ச்சல் என்று கடைக்குப் பொய் சொல்லிவிட்டு ரெட்டியார்பாளையம் வந்திருந்தாள். இந்தத் தோல்பைக் கம்பெனியில் டிசைனர் வேலை கிடைத்தால் கடைக்கு ஒரு கும்பிடு.

உள்ளே மூன்று பேர். நடுவில் முதலாளி ஹரிகிருஷ்ணன்.

"தையல்நாயகியா? பேருலயே தையல் இருக்கே!" மற்ற இருவரும் கடமைக்குச் சிரித்தார்கள்.

"அது அம்மன் பேரு சார். தையல் நான் படிச்சி வந்தது."

சிரிப்பு நின்றது. ஒரு டேப்லெட், அதன் தோல் உறை, அதில் எழுதுகிற பேனா மூன்றையும் அவள் பக்கம் தள்ளினார் ஹரிகிருஷ்ணன்.

"கேஸ் ஒல்லியா இருக்கணும், பேனாவும் அதுலயே இருக்கணும். உள்ள வெச்சா புடைக்குது. வெளிய வளையம் தச்சா பிஞ்சிபோயி பேனா தொலையுது. நீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

தையல்நாயகி உறையை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடி, அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"முதுகுல வெப்பேன் சார். மூடுறப்ப இங்க ஒரு இடுக்கு விழுது பாருங்க. டேப்லெட்டு தடிமனுக்கு அது எப்பிடியும் விழுந்துதான் ஆவணும். சும்மா கெடக்குற எடம். பேனாவ அதுல படுக்கவெச்சா ஒரு நூலு கூடத் தடிக்காது."

"எப்படித் தோணுச்சி?"

"எங்கம்மா மீன் விக்கிது சார். சுருக்குப்பைய இடுப்பு மடிப்புலதான் சொருவும். மடிப்புதான் ஏற்கெனவே இருக்கே, தனியா எடம் எதுக்கு?"

மீன் என்றதும் ஓரத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார். ஆனால் அவள் சொல்வதைக் குறித்துக்கொள்வதை நிறுத்தவில்லை.

"தச்சிக் காட்ட முடியுமா?"

கழிவுத் துண்டு கொடுப்பார்கள் என்று பார்த்தால், மெத்தென்ற நல்ல ஆட்டுத்தோலே வந்தது. பின்னாலேயே காபியும் பிஸ்கட்டும் வந்தன. அவள் வெட்டினாள், தைத்தாள், முதுகுக்குள் இழுபடும் துணி கொடுத்துப் பை வைத்தாள். பேனாவை அடியிலிருந்து தள்ளி எடுக்க, நகம் நுழையும் அளவுக்கு ஒரு கண் விட்டாள். ஒவ்வொரு அளவையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

ஹரிகிருஷ்ணன் உறையைத் தலைகீழாக உலுக்கினார். பேனா விழவில்லை.

"பிரமாதம்! இதுதான் எங்களுக்கு வேணும்."

"சர்ட்டிபிகேட் பாக்கலயே சார்?"

"கைவேலதாம்மா சர்ட்டிபிகேட். கூப்புடுறோம்."

முதல்முறையாக ஒருவர் அவள் ஊரைக் கேட்கவில்லை, அப்பன் என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. வேலையை மட்டும் பார்த்தார். வாசலுக்கு வருவதற்குள் அம்மா அஞ்சலாட்சிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"கெடச்ச மாதிரிதாம்மா."

அவ்வளவுதான். போனுக்குள் மீன் மார்க்கெட்டே அதிர்ந்தது. "ஏ ரஞ்சிதம், எம்பொண்ணு ஆபீசராயிட்டாடி!"

கேட்டுக்கு வெளியே வெயிலில், ஸ்கூட்டர் மேல் அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். தையல்நாயகிக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"விடுங்க. உங்களுக்கு வேற எடத்துல கெடைக்கும்."

"உனக்காகத்தான் நிக்கிறேன். நான் ஹேமலதா. உள்ள என்ன சொன்னாங்க?"

"இதுதான் எங்களுக்கு வேணும்னாங்க. கூப்புடுவாங்க."

ஹேமலதா சிரித்தாள். அழுகிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

"எங்கிட்டயும் அதான் சொன்னாங்க. கூப்புடலியேன்னு கேக்கத்தான் இன்னிக்கி வந்தேன். அப்பிடி ஒரு வேலயே இல்லன்றான் அந்த ஆளு. அவன் பின்னாடி அலமாரில நான் தச்சிக் காட்டுன மூடி போட்ட பை வெலச்சீட்டோட நிக்கிது."

"என்ன சொல்றீங்க? அப்ப நான் இவ்ளோ நேரம் குடுத்த இன்டர்வியூ?"

"போன மாசம் எங்கிட்ட அந்த மூடிக்கு ஐடியா எடுத்தாங்க, இன்னிக்கி உங்கிட்ட பேனாவுக்கு."