ஐயாயிரம் அடிக்கு மேலே

வானூர்தி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றை உலகுக்கு அறிவிக்கிறோம்: நம் கேப்டன் தனியொருவராக இரண்டு விமானங்களைக் காப்பாற்றிவிட்டார்.

இதை விசாரணை அதிகாரிதான் நம்பவில்லை. கேப்டனின் லைசென்ஸ் அவர் மேசைமேல் கிடந்தது.

"கிளம்பி ஐயாயிரம் அடிக்கு வந்தீங்க. எதிர்ல, அதே உயரத்துல இன்னொரு விமானம். மோதல் எச்சரிக்கைக் கருவி உங்களைப் பார்த்து 'இறங்கு, இறங்கு'ன்னு கத்துச்சு. ஏன் சார் ஏறுனீங்க?"

"என் சர்வீஸ் என்ன! ஒரு டப்பா சொல்லி நான் கேக்கணுமா?" கேப்டன் மீசையை நீவிக்கொண்டார்.

"எதிர் விமானத்தை அது 'ஏறு'ன்னு சொல்லியிருக்கு. அவங்களும் ஏறியிருந்தா?"

"ஏறலையே! இறங்கிட்டாங்களே! எதிராளி என்ன செய்வாங்கன்னு உள்ளுக்குள்ள பட்சி சொல்லும் சார். அதுக்குப் பேருதான் அனுபவம்."

அதிகாரி கோப்பில் எதையோ குறித்துக்கொண்டார். லைசென்ஸ் பாதி கைக்கு வந்துவிட்டதாகவே கேப்டனுக்குத் தோன்றியது.

எதிர் விமானத்தின் பெண் கேப்டனை உள்ளே அழைத்தார்கள். அந்தம்மாவைக் கண்டதும் நம்மவர் கை மீசையை விட்டு இறங்கியது.

"நீங்களும் ஏம்மா கருவி சொன்னதைக் கேக்கலை?"

"கேட்டு ஏறத்தான் போனேன் சார். அப்பதான் ரேடியோவுல இவர் குரல் வந்துச்சு. என்னை 'ஏறு'ன்னா, இவரை 'இறங்கு'ன்னு சொல்லியிருக்கும். இவர் யார் சொன்னாலும் நேர்மாறாத்தான் செய்வார். அதான் நான் இறங்கிட்டேன்."

"குரலை வச்சே அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"என் வீட்டுக்காரர் சார்."

அதிகாரி லைசென்ஸை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.