தொட்டி நிரம்பியதும் ஒரு குரல்

மாடி வீட்டு நர்ஸ் காலையில் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடுவாள். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, அணைக்க மறந்து டியூட்டிக்குப் போய்விடுவாள். கரண்ட் பில் தலையில் இடியாக இறங்கும் என்று பயந்திருந்தாள். வந்ததோ, நினைத்ததில் பாதிகூட இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சுவிட்சைத் தினமும் அணைப்பவர் கீழ்வீட்டுத் தையல்காரர் என்று தெரிந்ததும், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நின்றாள்.

"நீங்க இல்லேன்னா என் சம்பளம் பூரா கரண்டுக்கே போயிருக்கும் அண்ணே."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"எனக்கு எதுக்கு சிஸ்டர் நன்றி? தொட்டி நிரம்பினதும் மொட்டை மாடியில இருந்து ஒரு பெரியவர் 'போதும், அணைச்சிடுங்க'ன்னு சத்தம் போடுவாரு. உங்க அப்பாதானே? நான் சுவிட்சை அமுக்கறதோட சரி."

பழைய வீட்டில் அப்பாவின் வேலை அதுதான். கடைசி ஆறு மாதம் ஆக்சிஜனோடு படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் அவள் இங்கே தனியாகக் குடிவந்தாள்.

பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சத்தம் போடும்போது மூச்சு வாங்குதா அண்ணே?"

"சேச்சே. நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி கணீர்னு இருக்கு."

மறுநாள் காலை மோட்டாரைப் போட்டாள். நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டே, அணைக்காமல் டியூட்டிக்குக் கிளம்பினாள்.