ஒழுகும் பூட்ஸ்

"ஆர்விட்டுக்கு இந்தப் பரிசைக் குடுக்கவே கூடாது!"

டெரில் எழுந்து நின்று கத்தியதும் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம் அமைதியானது.

அதுவரை ஒரே சிரிப்புதான். ஸ்கார்வோல்ட் கம்பெனி மூடிப் பத்து வருஷமாகிவிட்டது. துப்பாக்கி உறை முதல் கூடாரம் வரை வேட்டைச் சாமான்களைக் கேட்லாக்கில் படம்போட்டு விளம்பரம் செய்து, நாடு முழுக்கத் தபாலில் அனுப்பிய கம்பெனி. மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் அங்கே வேலை பார்த்தவர்கள், மீதிப் பேர் அங்கே வாங்கியவர்கள். இன்று ஆளுக்கொரு பாத்திரம் சமைத்து எடுத்துக்கொண்டு, பழங்கதை பேச வந்திருந்தார்கள்.

"நிஜ வாத்துங்களை ஏமாத்தி வரவழைக்க அவங்க வித்த மர வாத்தை ஏரியில மிதக்கவிட்டேன். நிஜ வாத்து ஒண்ணு ஒரு மாசம் அதையே சுத்திச் சுத்தி வந்துச்சு. சுட மனசே வரலை!"

"கேட்லாக்ல எழுதுவானே, 'எங்கள் கத்தியைக் கண்டால் கரடி தானே வந்து சரணடையும்'னு! நான் வாங்குன கத்திக்கு வெண்ணெயே சரணடையலை!"

கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு கேட்லாக்கை, கம்பெனியின் மிக விசுவாசமான வாடிக்கையாளருக்குப் பரிசாகக் கொடுப்பதென்று பாதிரியார் அறிவித்தார். "ஆர்விட்! ஆர்விட்!" என்று கூடமே கூவியது. அப்போதுதான் டெரில் எழுந்தான்.

டெரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வைத்திருப்பவன். பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடிப்பதே அவன் பிழைப்பு.

"'பிடிக்கலைன்னா எப்ப வேணா திருப்பிக் குடுங்க, புதுசு தர்றோம்'னு கம்பெனி நம்பிச் சொல்லுச்சு. இவர் மாதிரி ஆளுங்கதான் அந்த நம்பிக்கையைத் தின்னே தீர்த்தாங்க. வருஷா வருஷம் கிழிஞ்ச பூட்ஸைத் தூக்கிட்டுப் போய், 'ஒழுகுது'ன்னு சொல்லிப் புதுசு வாங்கிட்டு வந்திருக்கார். ஊருக்கே தெரியும்!"

ஆர்விட் ஆறரை அடி உயரம். கல்யாணம் ஆகாத விவசாயி. உருளைக்கிழங்குக் கறியை வாயில் அடைத்துக்கொண்டே, "ஒழுகத்தானேய்யா செஞ்சுது," என்றார்.

கூடம் சிரித்தது. டெரிலுக்கு இன்னும் கோபம் ஏறியது.

"சிரிக்காதீங்க! எங்கப்பா போனப்புறம் எங்கம்மா துணி தைச்சுத்தான் என்னை வளர்த்தாங்க. ஒரு ஊசியைக்கூட பொய் சொல்லித் திருப்பிக் குடுத்ததில்ல. லவோன், கம்பெனியில திருப்பிக் குடுக்குற சாமானையெல்லாம் வாங்குனது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க, நான் சொல்றது பொய்யா?"

இருபத்தாறு வருஷம் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த லவோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொய்யில்ல. பத்து வருஷம், பத்து ஜோடி. எல்லாம் கந்தலாத்தான் வரும்."

"பார்த்தீங்களா! அத்தனையும் மாத்திக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சைஸ் பெருசா."

"ஏன், நம்ம ஆர்விட்டுக்கு இன்னும் கால் வளருதா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, மறுபடி சிரிப்பு.

ஆர்விட் மட்டும் சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"லவோன், போதும். காபி ஆறுது பாரு, குடி."

"இருபது வருஷமா வாயை மூடிட்டுத்தானே இருக்கேன், ஆர்விட். இன்னிக்கு ஒரே ஒரு நிமிஷம்."

லவோன் மெல்ல நடந்து டெரிலிடம் போனார். அவனுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னார்:

"முதல் தடவை இவர் கொண்டு வந்த பூட்ஸ் ஒரு சாண் நீளம்கூட இல்ல, தம்பி. பத்து ஜோடியிலயும் உள்பக்கம் மையால பேர் எழுதியிருந்துச்சு. 'டெரில்'னு. உங்கம்மா கையெழுத்து ரொம்ப அழகு."

டெரிலின் காது இரண்டும் சிவந்தன. குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு பாதிரியார் கையிலிருந்த கேட்லாக்கை வாங்கிக்கொண்டு போய் ஆர்விட்டின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

கூடம் கைதட்டியது. ஏன் மனம் மாறினான் என்று யாருக்கும் புரியவில்லை.

"எல்லா பூட்ஸும் அம்மா வாங்கித் தந்ததுன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றான் தணிந்த குரலில்.

"அவங்கதான் வாங்குனாங்க. முதல் ஜோடி அவங்க காசுதான். மீதியெல்லாம் கம்பெனி தன் வாக்கைக் காப்பாத்துனது. உட்காரு, கறி சாப்பிடு."

டெரில் உட்காரவில்லை.

"வருஷா வருஷம் எங்க வீட்டுக்கு வந்து, 'நாய்க்குக் கடிச்சு விளையாட ஏதாவது வேணும்'னு என் பழைய பூட்ஸை வாங்கிட்டுப் போவீங்களே..."

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"உங்க வீட்டுல நாயே இருந்ததில்லையே!"