மேல் அறை ஜெர்மன்காரர்

எங்கள் லண்டன் வீட்டு மேல் அறையில் ஒரு ஜெர்மன்காரர் தங்கியிருந்தார். வாடகை இல்லை. சாப்பாடு இல்லை. தலையும் இல்லை.

முதலாம் உலக யுத்தத்துப் பட்டாளச் சட்டை அது. சாம்பல் நிற முரட்டுத் துணி, நெஞ்சில் ஒரு மெடல். பழைய சாமான் விற்கிற கார் பூட் சந்தையில் அப்பா வாங்கி வந்து ஹாங்கரில் மாட்டிவிட்டார். நான் அவருக்கு ஹான்ஸ் என்று பேர் வைத்தேன். அம்மா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று, கட்டைக் குரலில், "குட்டன் மோர்கன், கலாவதி. ஒரு தேத்தண்ணி?" என்பேன். செருப்பு பறந்து வரும்.

அப்பாவுக்கு இது விளையாட்டில்லை. பார்சல் டெலிவரி வேலையிலேயே தலை நரைத்தவர். சேர வேண்டிய ஆளிடம் சேராத பொருளைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. இப்படிப் பழைய சட்டைகளை வாங்கி, யாருடையது என்று கண்டுபிடித்து, ஜெர்மனியில் இருக்கிற பூட்டப்பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவார்.

ஹான்ஸ் மட்டும் வாய் திறக்கவில்லை. இங்கிலீசுக்காரர் மெடலின் விளிம்பில் ஆளின் பேரை வெட்டிக் கொடுப்பார்களாம், ஜெர்மன்காரர் அப்படிச் செய்வதில்லையாம். சட்டைக்கு உள்ளே மையால் எழுதிய பேரும் கழுவுப்பட்டுப் போயிருந்தது. அப்பா டோர்ச்சும் பூதக்கண்ணாடியுமாக அதற்குள்ளேயே குடியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுஜீத் அண்ணா தன் தாயைக் கூட்டிக்கொண்டு குட்மேய்ஸில் இருந்து வருவதாக இருந்தது. மயூரா அக்காவுக்கும் அவருக்கும் காதல். ஆனால் தாய் றோஸ்மலர் அன்ரி ஓம் என்றால்தான் கல்யாணம். அவர்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; நாங்கள் சைவம். ஏற்கெனவே பாரம் கூடின தராசு. அதில் ஏறி உட்கார ஒரு ஜெர்மன்காரர் வேறு.

அம்மா ஒரு கிழமையாக அதையே சொன்னார். சட்டையைக் கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ஈரம் பிடிக்கும் என்றார் அப்பா.

"அந்த மனுசி கண்டால் என்ன நினைப்பா? செத்தவன்ரை சட்டையோடை சீவிக்கிற விசர்க் கூட்டம் எண்டெல்லே நினைப்பா. எங்கடை பிள்ளையின்ரை வாழ்க்கையப்பா இது."

கடைசியில், அறைக் கதவைச் சாத்தி வைப்பது என்று ஒப்பந்தமானது.

றோஸ்மலர் அன்ரி வந்தார். சோபாவில் சாயாமல் இருந்தார். ரோல்ஸில் பாதியைச் சாப்பிட்டார். அக்காவின் வேலையைப் பற்றி அம்மா சொன்னார். அன்ரி "ம்" என்றார். அக்காவின் சங்கீதத்தைப் பற்றிச் சொன்னார். "ம்." ரெய்னர்ஸ் லேனிலேயே எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரம்தான் பெரிசு என்றார். அதற்கும் "ம்."

யாருடைய குரலையும் ஒருமுறை கேட்டால் எனக்குப் போதும், அப்படியே பேசிக் காட்டுவேன். அந்த "ம்" மட்டும் இன்னும் வரவில்லை. அதில் ஓம் இருக்கிறதா இல்லையா என்றே பிடிபடவில்லை.

பிறகு பாத்ரூம் எங்கே என்று கேட்டார். மேலே, இடது பக்கம் என்றாள் அக்கா. அன்ரி படியேறினார். வலது பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அக்கா அப்பாவைப் பார்த்த பார்வையில் ரோல்ஸை இன்னொரு தரம் பொரித்திருக்கலாம். எல்லோரும் மேலே ஓடினோம்.

றோஸ்மலர் அன்ரி ஹான்ஸுக்கு முன்னால் குனிந்து நின்று, சட்டையின் கீழ் மடிப்பை விரலால் தடவிக்கொண்டே போனார், அரிசியில் கல் தேடுகிற மாதிரி.

"நாடகத்துக்கு ஆரோ தந்தது..." என்று அம்மா தொடங்கினார்.

"இது ஆற்றை சட்டை?" என்று அன்ரி அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்குப் பொய் வராது. "அதுதான் தெரியேல்லை அக்கா. எத்தினையோ மாதமாய்த் தேடுறன். பேர் கிடைச்சால் அந்தப் பிள்ளையை வீட்டை அனுப்பிவிடலாம்."

"உங்களுக்கு அவன் என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை."

"ம்," என்றார் அன்ரி. "கத்தரிக்கோல் இருக்கே?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். அன்ரி மடிப்பில் நாலைந்து தையலை மட்டும் வெட்டினார். ஒரு சின்னத் தகடு கையில் விழுந்தது. ஒரு பக்கம் மாதா. மற்றப் பக்கம் பொடி எழுத்து.

அப்பா பூதக்கண்ணாடியைப் பிடித்தார். பேர், குடும்பப் பேர், பிறந்த நாள், ஊர், எல்லாம் இருந்தது. ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த பதக்கம். ஹான்ஸ் உண்மையில் அன்ரன். எங்கள் யாழ்ப்பாணத்தில் அப்படிக் கூப்பிட்டால் அரைத் தெரு திரும்பிப் பார்க்கும்.

எப்படித் தெரிந்தது என்று அப்பா கேட்டார்.

"பொக்கற்றிலை வைச்சால் பொடியள் துலைச்சுப் போடுவாங்கள். அதுதான் தாய்மார் மடிப்புக்குள்ளை வைச்சுத் தைக்கிறது. என்ரை தம்பிக்கு அம்மா தைக்கேக்கை நான்தான் ஊசியிலை நூல் கோத்துக் குடுத்தனான்." அன்ரி சட்டையின் கையை நேராக்கி விட்டார். "சண்டைக்குள்ளை போனவன் திரும்பி வரேல்லை. அவன்ரை சட்டையும் வரேல்லை."

அம்மாதான் மெல்லச் சொன்னார், நீங்கள் காணக்கூடாது என்றுதான் கதவைச் சாத்தி வைத்தோம் என்று.

அன்ரி பதக்கத்தை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"முதல்லை இதையெல்லே காட்டியிருக்கோணும், கலாவதி. ஆரெண்டே தெரியாத பிள்ளையை இப்பிடித் தேடுற வீடு. இங்கை என்ரை மகனைத் தர எனக்கு என்ன பயம்?"